வெயில் போகட்டும்னு காத்திருந்தா...

(மரகதம் அக்கா களைக்கொத்தோடு பாத்தியோரம் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டு பாலு ஒரு கத்தை விதைப் பொட்டலங்களோடு வருகிறான்.)

பாலு: அக்கா, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், லெட்யூஸ். எல்லாம் தயார். வெயில் தணியட்டும், ஒரே நாள்ல தூவிட்டு வந்து படுத்துடறேன்.

மரகதம்: வெயில் எப்போ தணியுமாம்?

பாலு: இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.

மரகதம்: அந்தக் காலிஃபிளவர் பொட்டலத்துல எத்தனை நாள்னு போட்டிருக்கு, படி.

பாலு: 70 நாள்.

மரகதம்: அது நாத்தைப் பிடுங்கி நட்ட நாள்லேர்ந்து கணக்கு. நாத்து வளர 5 வாரம் தனி. இலையுதிர் காலத்துல பகல் சுருங்கிக்கிட்டே வரும், செடியும் மந்தமாத்தான் வளரும். அதுக்கு 2 வாரம் சேர்த்துக்க. இப்போ கூட்டு.

பாலு: 70, 35, 14... 119! நாலு மாசம்க்கா!

மரகதம்: ரெண்டு மாசம் கழிச்சு விதைச்சா, பூ கட்டற சமயத்துல அடுத்த வெயில் வந்து நிக்கும். சூடு ஏறினா காலிஃபிளவர் இறுகாது. அரிசி அரிசியா உதிரியா நிக்கும்.

பாலு: அப்போ இன்னைக்கே தூவிடறேன்.

மரகதம்: இன்னைக்குத் தூவினா மண்ணுலயே வெந்துடும்.

பாலு: முன்னே போனா கடிக்குது, பின்னே வந்தா உதைக்குது. நான் எந்தப் பக்கம்தான் நிக்கறது?

மரகதம்: நிழல்ல நில்லு. இந்தச் செடிகளுக்கு விளையறப்போ குளிர் வேணும். ஆனா முளைக்கறப்போ வெயில்தான் கிடைக்கும். அந்த முதல் ரெண்டு மாசம் மண்ணைக் குளுமையா வெச்சுக்கறதுதான் நம்ம வேலை. அப்புறம் அதுபாட்டுக்கு வளரும்.

பாலு: பாத்திக்கு ஏசி போடச் சொல்றீங்களா?

மரகதம்: கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் குழித்தட்டு போதும். ஒரு குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். காலை வெயில் படணும், மதியம் நிழல் விழணும். மேல 50 சதவீத நிழல்வலை கட்டு. வலையைத் தட்டு மேல படுக்கப் போடாதே, காத்து போற மாதிரி உயரமாக் கட்டணும்.

பாலு: ஒரே நிழலா ஒரு மூலையில வெச்சுட்டா வேலை மிச்சமாச்சே?

மரகதம்: நாத்து வெளிச்சத்தைத் தேடி வெளுத்து நீண்டு, தலையைத் தூக்க முடியாமச் சாயும். அப்பவும் நீ தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பே.

பாலு: சாஞ்சா தண்ணிதானே ஊத்துவாங்க?

மரகதம்: ஏற்கெனவே ஈரமா இருக்கிற மண்ணுல மேலும் ஊத்தினா தண்டு மண்ணைத் தொடற இடத்துல அழுகும். நாத்தழுகல். காலையில நிமிர்ந்து நின்னது சாயங்காலம் வரிசையாப் படுத்திருக்கும். மேல்மண் லேசாக் காஞ்சப்புறம் ஊத்து.

பாலு: சரி, இந்த லெட்யூஸ்?

மரகதம்: அது தனி ரகம். மண் சூடு 30 டிகிரியைத் தாண்டினா பெரும்பாலான ரகம் முளைக்காது. விதை கெட்டுப் போகலை, உறங்கிடும். அதனால பொழுது சாயறப்போ விதை. விதை முதல்ல தண்ணி குடிச்சு ஊறற நேரம் ராத்திரிக் குளுமையில கழியும். ஆழமாப் புதைச்சுடாதே, மண்ணு மேல வெச்சு விரலால லேசா அமுக்கு. அது முளைக்க வெளிச்சமும் வேணும்.

பாலு: வெளிச்சம் வேணும், வெயில் ஆகாது, ராத்திரிதான் வேலையை ஆரம்பிக்கும். இது விதையா, மேனேஜரா?

மரகதம்: நாத்து வளர்ற 5 வாரத்துக்குப் பாத்தி சும்மா கிடக்குமில்ல, அதை இந்த வெயில்லயே வேக வெச்சுடு. மக்குன எருவை 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, சமமா நிரவி, நல்லாத் தண்ணி விட்டு, மேல பிளாஸ்டிக் ஷீட் போட்டு நாலு ஓரத்தையும் மண்ணுக்குள்ள புதை. மேல்மண்ணுல இருக்கிற களை விதையும் நூற்புழுவும் பெருமளவு செத்துடும்.

பாலு: கறுப்பு ஷீட் இருக்கு. கறுப்புதானே சூட்டை இழுக்கும்?

மரகதம்: இழுத்துத் தானே வெச்சுக்கும். மண்ணுக்குள்ள சூடு இறங்கணும்னா கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியற ஷீட் வேணும். மண்ணைத் தொட்டு இழுத்துக் கட்டு, காத்து உள்ளே உப்பி நிக்கக் கூடாது. எடுத்தப்புறம் ஆர்வத்துல ஆழமாக் கொத்திடாதே.

பாலு: ஏன்?

மரகதம்: அடியில சாகாமக் கிடக்கிற களை விதையை மேல கூப்பிட்டு விருந்து வெச்ச மாதிரி ஆகும்.

பாலு: நாத்தை எப்போ நடலாம்?

மரகதம்: நாலஞ்சு இலை வந்ததும். ஒரு வாரம் முன்னாடியிலேர்ந்தே தினம் கொஞ்சம் கூடுதலா வெயில் காட்டிப் பழக்கு. சாயங்காலம் நடு, தட்டை முதல்லயே நனைச்சுக்க, 45 சென்டிமீட்டர் இடைவெளி விடு. தண்டைச் சுத்தி அட்டையில ஒரு வளையம் போடு. 3 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ள, 5 சென்டிமீட்டர் வெளியே. இல்லேன்னா வெட்டுப்புழு ராத்திரியில வந்து தண்டைத் தரையோட அறுத்துட்டுப் போயிடும்.

பாலு: தின்னாக்கூடப் பரவாயில்ல, அறுத்துப் போட்டுட்டுப் போகுதா?

மரகதம்: அதுக்கு அவ்வளவு மரியாதை தெரியாது. இன்னொன்னு, காலிஃபிளவர் நாத்தைத் தட்டுலயே ரெண்டு மாசம் வெச்சிருந்துட்டு நட்டா, செடி வளர மறந்து பொத்தான் அளவுல பூ விட்டுட்டு நிக்கும். அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் பெருசாகாது.

பாலு: கேரட்டையும் தட்டுல போட்டுடறேன்.

மரகதம்: போடாதே. பிடுங்கி நட்டா ஆணிவேர் வளைஞ்சு கிளை பிரியும். நேரடியாப் பாத்தியில, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல. வெயில் கொஞ்சம் இறங்கினப்புறம் விதைச்சாப் போதும், இது கோஸ் மாதிரி முந்திக்க வேண்டியதில்ல. முளைக்க ஒரு வாரத்துலேர்ந்து 3 வாரம் ஆகும். அதுவரைக்கும் மேல்மண் ஒரு நாள்கூடக் காயக் கூடாது. நனைச்ச சாக்கை மேல விரி.

பாலு: 3 வாரம் கழிச்சு எடுத்துப் பார்த்தாப் போதும்தானே?

மரகதம்: 5-ஆம் நாள்லேர்ந்து தினம் தூக்கிப் பாரு. ஒரு முளை தெரிஞ்சாலும் சாக்கை எடுத்துடு. ஒரு நாள் மறந்தா முளை சாக்குலயே மாட்டிக்கிட்டு, தூக்கறப்போ கூடவே வந்துடும். அதே வரிசையில நடுநடுவே முள்ளங்கி விதை போடு. அது 4, 5 நாள்ல முளைச்சு வரிசை எங்கேன்னு காட்டும், மண் இறுகாமப் பிளந்தும் விடும். 30 நாள்ல முள்ளங்கியைப் பிடுங்கினா கேரட்டுக்கு இடம் கிடைக்கும்.

பாலு: ஒரே வாடகை, ரெண்டு குடித்தனம்! பீட்ரூட்ல இன்னும் லாபமாமே, ஒரு விதைக்கு மூணு நாலு செடி வருமாமே?

மரகதம்: அது விதை இல்ல, விதைக் கொத்து. நாலு முளைச்சா மூணை எடுத்துடணும். பிடுங்காதே, நிக்கறதோட வேர் ஆடும். கத்தரியால கிள்ளி விடு. பீட்ரூட்டுக்கு 8 சென்டிமீட்டர், கேரட்டுக்கு 5 சென்டிமீட்டர் இடைவெளி.

பாலு: பச்சைப் புள்ளையை எப்படிக்கா வெட்டறது? நாலும் இருந்துட்டுப் போகட்டுமே.

மரகதம்: இருக்கும். இலை மட்டும் இருக்கும். கீழே நூல் மாதிரி நாலு வேர் கிடைக்கும், ஒரு கிழங்கும் கிடைக்காது.

பாலு: சத்து போதலேன்னு நினைச்சு யூரியா போடுவேனே...

மரகதம்: தழைச்சத்து அதிகமானாலும் இலைதான் செழிக்கும். கேரட் பாத்தியில பச்சைச் சாணி போட்டாலும், கல்லு இருந்தாலும் கிழங்கு ரெண்டு மூணாப் பிரியும்.

பாலு: கால் முளைச்ச கேரட்! பரவாயில்ல, அதுவே நடந்து சமையலறைக்கு வரட்டும். தண்ணி எப்போக்கா? மதியம் செடி வாடி நிக்கறப்போ ஓடிப் போய் ஊத்தணுமா?

மரகதம்: மதியம் வாடினா பதறாதே. பொழுது சாஞ்சதும் நிமிர்ந்தா நல்ல செடி. விடிகாலையிலயும் வாடியே இருந்தாத்தான் தாகம். நாத்து வேர் பிடிச்சப்புறம் தினம் ரெண்டு சொட்டு தெளிக்கறதை விட்டுட்டு, 15 சென்டிமீட்டர் ஆழம் நனையற மாதிரி விடிகாலையில விட்டு, மேல்மண் காயவிட்டு மறுபடி விடு. கையை மண்ணுல விட்டுப் பாரு, சந்தேகம் தீரும். செடி ஒரு சாண் வந்ததும் காஞ்ச இலையால 5 சென்டிமீட்டர் மூடாக்கு போடு. தண்டை ஒட்டிப் போடாதே, அழுகும்.

பாலு: சரி. பூச்சி கவலை எனக்கு இல்ல. கோஸ் பாத்தியில வெள்ளைப் பட்டாம்பூச்சி பறந்தா அழகாத்தான் இருக்கும்.

மரகதம்: அது உன் தோட்டத்தை ரசிக்க வரல, பிள்ளைங்களுக்கு இடம் பார்க்க வந்திருக்கு. இலைக்கு அடியில திருப்பிப் பாரு. முட்டை தெரிஞ்சா நசுக்கிடு. புழு வந்துட்டா, புழுவைக் கொல்ற பாக்டீரியா மருந்து இருக்கு. பேரு பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ்.

பாலு: பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள புழு பாதிக் கோஸைத் தின்னுடும்க்கா!

மரகதம்: பி.டி.ன்னு கேளு. இலையோட சேர்த்துத் தின்னாத்தான் சாகும். சின்னப் புழுவுக்குத்தான் நல்லாக் கேட்கும். வெயில் அதைச் சீக்கிரம் கெடுத்துடும், அதனால சாயங்காலம் இலைக்கு அடியிலயும் அடி. சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சிக்கு அது கேட்காது. அசுவினியைத் தண்ணியைப் பீய்ச்சி உதிர்த்து விடு. எறும்பு வரிசை செடியில ஏறினா, அசுவினி கசியற இனிப்புக்காக அது காவல் காக்குதுன்னு அர்த்தம்.

பாலு: எறும்பு வேற அவங்க கட்சியா! நட்டப்புறமும் பாத்தி மேல இருக்கற நிழல்வலையை எப்போ கழட்டறது?

மரகதம்: பகல் வெயில் 30 டிகிரிக்குக் கீழே நிலையா இறங்கினதும். முதல் வாரம் காலையில மட்டும் திற, அப்புறம் முழுசா எடுத்துடு. எடுக்க மறந்தா கோஸ் உருண்டை கட்டாது. காலிஃபிளவர் பூ ஒரு முட்டை அளவு வந்ததும் சுத்தி இருக்கிற இலையை மேல மடக்கிக் கட்டு. வெயில் பட்டா மஞ்சளாயிடும்.

பாலு: கட்டினப்புறம் எத்தனை நாள்ல வெட்டலாம்?

மரகதம்: ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரம். சூடு அதிகம்னா முன்னாடியே. இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்னு ஆசைப்படாதே, இறுக்கமா இருக்கறப்போவே வெட்டிடு.

பாலு: தினமும் திறந்து பார்க்கலாமா?

மரகதம்: பாரு. திறந்ததை மூடு.