அந்தப் பின்னூட்டத்தை அழித்துவிடுங்கள்

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. எந்தப் பின்னூட்டம், யார் போட்டது என்று உங்களுக்கே தெரியும். பட்டமளிப்பு அங்கியும் தோளில் மெக்சிகோவின் செராபே என்ற வண்ணக் கோட்டுத் துண்டுமாக நிற்கும், அமெரிக்காவில் படித்த மெக்சிகோ வழிக் குடும்பத்துப் பெண்ணின் படத்தை நான் பகிர்ந்தேன். "கோட்டாவில் வந்திருக்கும், பாதியில் விட்டுட்டு ஓடுற கூட்டத்துல ஒண்ணு தப்பிச்சிருக்கு" என்று எழுதியது நம் ஆள். அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறீர்கள். அதில் என் கல்லூரித் தோழிகளும் இருக்கிறார்கள்.

முதலில் கோட்டா. அமெரிக்கக் கல்லூரிகளில் இனவாரியாக இத்தனை இடம் என்று ஒதுக்கக் கூடாது என்று 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேர்க்கையில் இனத்தையும் ஓர் அம்சமாகப் பார்ப்பது மட்டும் மிச்சம் இருந்தது. 2023 ஜூனில் அதுவும் போனது. சரி, கோட்டா இருந்தது என்றே வையுங்கள். அதில் என்ன குறை? நான் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கொடுத்து, கட்டணச் சலுகையில் பொறியியல் படித்தவள். பரீட்சையை நான்தான் எழுதினேன். அவளும் அவள் பரீட்சையை அவளேதான் எழுதினாள்.

அப்புறம் அந்த "விட்டுட்டு ஓடுற கூட்டம்". டெக்சாஸில் எம்.எஸ். படித்தபோது சர்க்யூட் லேபில் டி.ஏ.வாக, அதாவது இளநிலை மாணவர்களுக்குச் சொல்லித்தரும் உதவியாளராக இருந்தேன். இவள் என் மாணவி. அப்பாவுக்கு வீடுகளுக்குக் கூரை போடும் வேலை. இவள் ராத்திரியெல்லாம் கடையில் சரக்கு அடுக்கிவிட்டு நேராகக் காலை எட்டு மணி லேபுக்கு வருவாள். ஒருநாள் ஆஸிலோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எல்லார் எதிரிலும் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, முந்தின நாள் பகல் முழுக்க அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். டாக்டர் சொல்வதை ஸ்பானிஷில் எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. அன்று நான் பேசியது இன்னும் உறுத்துகிறது.

அந்த செமஸ்டர் அவள் ஃபெயில். "இது உனக்குச் சரிப்படாது, வேறு படிப்பு பார்" என்று ஒரு பேராசிரியர் சொன்னார். அடுத்த செமஸ்டர் அதே பாடத்துக்கு அதே முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நான்கு வருடப் படிப்பு ஆறு வருடம் ஆனது. ஆனால் முடித்தாள். ஓடவில்லை.

பாதியில் நிற்பவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பணம் இல்லாமல், வீட்டைப் பார்க்க ஆள் இல்லாமல், "சரிப்படாது" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய். வாசலில் நின்று போ போ என்று துரத்திவிட்டு, ஓடிப்போனாள் என்று சொல்வது என்ன நியாயம்?

மெக்சிகோ வம்சாவளி விண்வெளி வீராங்கனை எலன் ஓச்சோவாவுக்கும் மின் பொறியியல் பேராசிரியர் ஒருவர் ஊக்கம் தரவில்லை. இயற்பியல் படித்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டில் அதே மின் பொறியியலில் 1985ல் முனைவர் பட்டம் வாங்கினார். நாசா முதலில் எடுக்கவில்லை, திரும்ப விண்ணப்பித்தார். 1993ல் விண்வெளிக்குப் போனார். பின்னாளில் ஹூஸ்டனில் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்துக்கே இயக்குநராக இருந்தார். கொலம்பியாவின் காலி நகரத்திலிருந்து 17 வயதில் 300 டாலரோடு அமெரிக்கா வந்த டயானா ட்ருஹியோ, வீடுகளைச் சுத்தம் செய்து படித்து நாசா பொறியாளர் ஆனவர். 2021ல் பெர்சிவியரன்ஸ் ஆய்வு ஊர்தி செவ்வாய் கிரகத்தில் இறங்கியதை நாசாவுக்காக ஸ்பானிஷில் தொகுத்து வழங்கியது அவர்தான்.

"அதெல்லாம் விதிவிலக்கு" என்று இன்பாக்ஸில் ஒருவர். நம் ஊர்ப் பெண் நாசாவுக்குப் போனால் ஊரே ஃபிளெக்ஸ் வைக்கிறோம், அப்போது விதிவிலக்கு என்று யாராவது சொல்கிறோமா?

"உனக்கு ஏன் இவ்வளவு வருத்தம்" என்று கேட்டவருக்கும் சொல்கிறேன். என் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹாஸ்டலே காலி. திட்டு வாங்கிய அதே பெண்தான் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் கறி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்து அவள் அம்மா எனக்கென்று தனியாக பீன்ஸ் வைத்து தமாலே (சோளத் தோலில் சுற்றி அவிக்கும் சோள மாவுப் பண்டம்) அவித்திருந்தார். சோளத் தோலைப் பிரித்தபோது வந்த ஆவியில் எங்கள் வீட்டுக் கொழுக்கட்டை வாசம். "சாப்பிடு மிஹா" என்றார். அவர்கள் மொழியில் அது மகளைக் கூப்பிடுகிற சொல்.

அந்தப் படத்தில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பது அந்த அம்மாதான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நேற்று அவள் என்னைக் கேட்டாள். வாழ்த்து என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.