ஸ்டெட்சன் முத்திரை இருந்தாலே கவ்பாய் தொப்பி ஆகாது

"உள்ளே ஸ்டெட்சன் முத்திரையும் 4எக்ஸும் இருந்தால் அசல் கவ்பாய் தொப்பிதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. 1865இல் தொடங்கிய ஸ்டெட்சன் என்ற அமெரிக்கத் தொப்பி நிறுவனம் ஃபெடோரா போன்ற நகரத்துத் தொப்பிகளையும் ஏராளமாகச் செய்தது. தொப்பியின் தரத்தைக் காட்டப் போடும் 4எக்ஸ் போன்ற எக்ஸ் குறிக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. தொப்பியில் உள்ள பீவர் என்ற விலங்கின் ரோமத்தின் சதவீதத்தையும் அது சொல்லாது.

பார்க்க வேண்டியது விளிம்பும், ரோமத்தை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியின் கனமும். ஃபெடோராவின் விளிம்பு பெரும்பாலும் 2 முதல் 2½ அங்குலம். முன்பக்கம் கீழே மடித்துவிடலாம். வெஸ்டர்ன் தொப்பியில், அதாவது கவ்பாய் தொப்பியில், 3½, 4 அங்குலம் சகஜம். ஃபெல்ட்டும் கனம், அரக்கு ஏற்றி விறைப்பாக்கியிருப்பார்கள். அதனால்தான் பக்கவாட்டு வளைவு நிற்கிறது.

அகல விளிம்புள்ள மெல்லிய ஃபெடோராவை நீராவியில் காட்டி, ஓரங்களைத் தூக்கி விற்பவர்கள் உண்டு. கவனம் தேவை. ஃபெல்ட்டில் விறைப்பு இல்லாததால் ஒரு மழைக்கே விளிம்பு தொங்கிவிடும். மேலே உள்ள குழிவை மட்டும் நம்பவே வேண்டாம், அதை யாரும் நீராவியில் மாற்றிவிடலாம். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், விற்பவரிடம் விளிம்பை ஸ்கேல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.