ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம்

1993-ல் நேரு கோப்பைக் கால்பந்துத் தொடருக்காகச் சென்னையில் நேரு விளையாட்டரங்கம் புதிதாக எழுந்து நின்ற நேரம். வியாசர்பாடியிலிருந்து அப்பா என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். எனக்கு ஒன்பது வயது. வட கொரியா கோப்பையை வென்ற தொடர் அது. நாங்கள் பார்த்தது எந்த ஆட்டம் என்பது மறந்துவிட்டது. ஏன் இவ்வளவு தூரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டது மட்டும் மறக்கவில்லை. எங்கள் தெரு ஆட்டத்தில் கோட்டோரம் நின்றால் பந்து நெஞ்சில் வந்து அறையும். இங்கே எங்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே தடகள ஓடுதளம் கிடந்தது.

அந்தக் கேள்விதான் என்னை ஊர் ஊராக அலைய வைத்தது. இந்தியாவின் முக்கியமான கால்பந்து மைதானங்கள் அனைத்திலும் ஓர் ஆட்டமாவது பார்த்துவிட வேண்டும். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் கணக்கில் சேராது. இறுதி விசில் வரை உள்ளே இருந்திருக்க வேண்டும். இதுவரை பதினொன்று ஆகியிருக்கிறது. சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் ரயில் டிக்கெட்டாகப் போயிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கொல்கத்தாவைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த முடியாது. அங்குள்ள இரு பெரிய கிளப்களில் ஈஸ்ட் பெங்கால் வென்றால் இல்ஷா மீன், மோகன் பாகான் வென்றால் இறால் என்று சந்தையே இரண்டாகப் பிரியும் ஊர் அது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர் கூடினார்கள். பாய்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் மோகன் பாகானை 4-1 என்று வென்றது. அந்தப் பித்துக்கு ஊர் கொடுத்த விலையும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரு அணிகள் மோதியபோது நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்கள் நினைவாகக் கொல்கத்தாவில் ரத்த தானம் நடக்கிறது. ஆட்டம் பார்க்கப் போனவர்களை இப்படி நினைவில் வைத்திருக்கும் ஊரை நான் வணங்குகிறேன்.

ஆனால் என் மனக்குறையும் அதே சால்ட் லேக்கில்தான் இருக்கிறது. 2024 ஜூன் 6, இந்திய அணித் தலைவர் சுனில் சேத்ரி, இதுவே கடைசி என்று அறிவித்துவிட்டு, குவைத்துக்கு எதிராக இந்தியச் சட்டையில் ஆடிய இரவு. கோலின்றி ஆட்டம் முடிந்தது. சக வீரர்கள் இரு வரிசையாக நிற்க, அவர் நடுவே நடந்துபோய் அழுதார். அவர் அழுததை நான் பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசியில் பார்த்தேன். அதற்காக இரண்டு நாள் ரயிலில் வந்தவன் நான். ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு நீலப் புள்ளியாகத்தான் தெரிந்தார்.

டெல்லி, பெங்களூரு, குவாஹாட்டி, எங்கள் சென்னை, எங்கு போனாலும் இதே ஓடுதளம்தான். தடகள வீரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கும் நல்ல மைதானம் வேண்டும். இரண்டு விளையாட்டுக்கும் ஒரே வட்டத்தைக் கட்டிவிட்டு, கால்பந்துக்குக் கூட்டம் வரவில்லை என்று சலித்துக்கொள்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கொச்சி கலூர் மைதானத்தில் ஓடுதளம் கிடையாது. கிரிக்கெட்டுக்குப் போதுமான அகலம் உண்டு. 2018-ல் மேற்கிந்தியத் தீவுகளுடனான ஒருநாள் போட்டியை அங்கே கொண்டுவர முயன்றபோது, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக வளர்த்த புல்லைத் தோண்டவிட மாட்டோம் என்று கால்பந்து ரசிகர்கள் எழுந்தார்கள். போட்டி திருவனந்தபுரம் போனது. புல்லுக்காக ஓர் ஊர் சண்டை போட்டதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

மும்பை அந்தேரி அரங்கம் சிறியது. 2018 ஜூனில் சீன தைபேயுடன் இந்தியா ஆடிய ஆட்டத்துக்கு 2,569 பேர்தான் வந்தார்கள். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று சேத்ரி காணொளியில் கேட்டுக்கொண்டார். ஜூன் 4, கென்யா ஆட்டம், அவருடைய நூறாவது ஆட்டம். எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது. நான் கோட்டருகே இருந்தேன். பூட்ஸ் புல்லைக் கிழிக்கும் ஓசை கேட்டது. முதல் முறையாக என் தெருவில் நிற்பதுபோல் இருந்தது.

மிசோரம் தலைநகர் அய்ஜாலுக்குப் போக உள்நுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்காது. முதல் பிரிவிலிருந்து இறங்கி, பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஓர் அணி 2017-ல் நாட்டின் முதல் பிரிவான ஐ லீக்கையே வென்றது இந்த மலையிலிருந்துதான். முவால்புய் மைதானத்தில் பாட்டிகள் பேரக்குழந்தைகளோடு வந்து அமர்ந்திருந்தார்கள். யாரும் அவர்களுக்கு வழிவிட்டு நிற்கவில்லை. அது அவர்களுடைய இடம்.

அதைப் பார்த்தபோது வேறோர் ஊர் நினைவுக்கு வந்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என் மகளை முதன்முதலாக அழைத்துப் போயிருந்தேன். வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே குடிநீர் இல்லை. எங்கள் பகுதியில் பெண்களுக்குக் கழிப்பறையும் இல்லை. இடைவேளையில் கிளம்பிவிட்டோம். என் விதிப்படி அந்த மைதானம் கணக்கில் சேரவில்லை. என் மகள் அதன்பிறகு என்னுடன் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. கால்பந்து இழந்த ரசிகை அவள். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள்?

நான் கேட்பது லட்சம் பேர் அரங்கத்தை அல்ல. வடசென்னையில், 15,000 இருக்கையோடு, ஓடுதளம் இல்லாமல், தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஒரு கால்பந்து மைதானம். இத்தனை வீரர்களைக் கொடுத்த வியாசர்பாடிக்கு அது சலுகை அல்ல, நெடுநாள் பாக்கி.

இன்னும் பார்க்காத மைதானங்களில் மணிப்பூர் தலைநகர் இம்பாலின் குமன் லம்பாக் என்னை உறுத்துகிறது. 2023 மார்ச்சில் மியான்மரும் கிர்கிஸ்தானும் அங்கே இந்தியாவோடு ஆட வந்தன. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மே மாதம் அந்த மாநிலமே இனக்கலவரத்தில் பற்றி எரிந்தது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் கோல் அடித்த ஜீக்சன் சிங்கின் மண் அது. அங்கே மறுபடி இந்திய அணியின் ஓர் ஆட்டம் அறிவிக்கப்படும் நாளில் நான் டிக்கெட் எடுப்பேன். இரண்டு டிக்கெட். மகளிடம் இன்னும் கேட்கவில்லை.