சாக்கடை கலந்த கடலில் கிடைத்த மருந்து

"கடற்பாசியில் இருந்து கிருமிக்கொல்லி மருந்து: ஆய்வாளர்கள் சாதனை." இப்படி ஒரு செய்தி நேற்றும் கண்ணில் பட்டது. அடிக்கடி வரும் செய்திதான். பகிர்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இதே 'சாதனை'யை நானும் செய்திருக்கிறேன்.

முதுகலை நுண்ணுயிரியல் படித்தபோது மண்டபம் பக்கம் போய்க் கஞ்சிப்பாசி அள்ளிவந்தோம். நிழலில் உலர்த்தி, அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்தோம். அதில் நனைத்த சின்ன வட்டத் தாளை பாக்டீரியா பூசிய தட்டில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால், தாளைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வளையம்! ஸ்கேல் வைத்து அளந்தேன், 11 மில்லிமீட்டர். அன்று கேன்டீனில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

வழிகாட்டிப் பேராசிரியர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அந்த 11-ல தாளே 6 மில்லிமீட்டர் இருக்கேப்பா" என்றார். அப்புறம், "இதுல எந்தப் பொருள் கொன்னுச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சாற்றில் எத்தனையோ பொருட்கள் கலந்திருக்கும். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து வைத்தாலும்தான் வளையம் வரும். அதற்காக அதை யாரும் ஊசியில் ஏற்ற மாட்டார்கள்.

கடலில் இருந்து மருந்து கிடைக்காது என்று சொல்ல வரவில்லை. கிடைத்திருக்கிறது. அது அநேகமாக உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கும்.

1945-இல் இத்தாலியின் சார்தீனியா தீவில் ஜூசெப்பே புரோட்ஸு என்ற மருத்துவப் பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். கால்யாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் பையன்கள் நீச்சலடிக்கிறார்கள். ஊரில் டைபாய்டு இருந்தும் இவர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. அந்தத் தண்ணீரை எடுத்துச் சோதித்ததில் ஒரு பூஞ்சை கிடைத்தது. அதன் சாறு டைபாய்டு கிருமியைக் கொன்றது. நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார், சிலருக்குக் கேட்டது. மேற்கொண்டு செய்யப் பணமில்லை. இத்தாலியக் கம்பெனிகளும் கைகொடுக்கவில்லை. 1948-இல் உள்ளூர் வெளியீடு ஒன்றில் எழுதிவிட்டு, பூஞ்சையை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிவைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். அங்கே எட்வர்ட் ஆபிரகாம், கை நியூட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் சாற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். டைபாய்டு கிருமியைக் கொன்றது ஒருவகை பெனிசிலின் என்று தெரிந்தது. அத்தோடு கடையைக் கட்டியிருக்கலாம். 1953-இல் அதே சாற்றில் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு பொருள் அகப்பட்டது. மிகக் குறைந்த அளவு, கொல்லும் வேகமும் சுமார். ஆனால் பெனிசிலினைச் சிதைக்கக் கிருமிகள் சுரக்கும் நொதியால் அதை அசைக்க முடியவில்லை. அதுதான் செஃபலோஸ்போரின் சி. அதன் அமைப்பை எக்ஸ்ரே மூலம் டோரதி ஹாட்ஜ்கின் என்ற வேதியியலாளர் உறுதி செய்தது 1961-இல். அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து கையில் ஊசியாக வந்தது 1964-இல். ஆக, சாக்கடைத் தண்ணீரில் இருந்து ஊசிமருந்துக்கு 19 வருஷம்.

நாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் செஃபிக்ஸிம், செஃபலெக்ஸின், ஆஸ்பத்திரியில் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் எல்லாம் இந்த வம்சம்தான். புரோட்ஸு தேடியது டைபாய்டுக்கு மருந்து. இன்று நம்மூரில் டைபாய்டுக்குக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து மருந்தைத்தான். (லேசான சளிக்கும் கேட்டு வாங்கிப் போடுகிறோம், அந்தக் கொடுமை வேறு கதை.)

கிருமியைக் கொல்லும் பொருளைக் கண்டுபிடிப்பது நமக்கு ஒரு பெரிய தடையே இல்லை என்பது என் கருத்து. கடலில், மண்ணில், தவளைத் தோலில், மனிதர்களின் மூக்குக்குள்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். வளையம் வந்த பிறகு பத்துப் பதினைந்து வருஷம் உட்கார்ந்து பிரிக்கவும், நச்சுத்தன்மை பார்க்கவும், பணம் போடவும்தான் ஆள் இல்லை. அமெரிக்காவில் அகாவோஜன் என்றொரு கம்பெனி எல்லாப் படியும் தாண்டி, புது ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கியது. 2019 ஏப்ரலில் திவால். புது ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். பூட்டி வைத்த சரக்கு எப்படி விற்கும்? அதே 2019-இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இங்கிலாந்தில் 2022-இல் அரசு மருத்துவத் துறை இதற்கு ஒரு வழி செய்தது. இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை டப்பா தீர்ந்தாலும் தீராவிட்டாலும் வருஷச் சந்தா மாதிரி ஒரே தொகை. ஊரில் தீ பிடிக்கவில்லை என்று தீயணைப்பு வண்டிக்குச் சம்பளம் நிறுத்துவோமா என்ன? அந்த இரண்டு மருந்துகளிலும் இருப்பது புரோட்ஸு பூஞ்சையின் பேரப்பிள்ளைகள்தான்.

சரி, நேற்றைய செய்திக்கு வருகிறேன். இப்போதெல்லாம் இப்படி எதைப் பார்த்தாலும் இரண்டைத் தேடுவேன். கொன்ற பொருளின் பெயர் இருக்கிறதா? எலிக்காவது கொடுத்துப் பார்த்தார்களா? நேற்றைய செய்தியில் பெயரும் இல்லை, எலியும் இல்லை. வளையம் மட்டும் கலர் போட்டோவில் அழகாக இருந்தது.