ஆறு ஓட்டில் தோற்ற டீச்சர்

கனடாவின் சாஸ்கட்டூன் நகருக்கு வந்த முதல் குளிர்காலம். வெளியே மைனஸ் முப்பது, எங்கே போவது என்று தெரியாமல் ஒரு அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். அங்கே பழைய காலத்து ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் இரும்புக் கணப்பு, மறுபக்கம் வரிசையாக பெஞ்சு. ஒவ்வொரு மேசையிலும் மைக்கூடு வைக்க வட்டமாக ஒரு குழி. அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே இன்னும் நீலக்கறை. குளிர் அதிகமானால் மை உறைந்துவிடுமாம், கணப்பின் பக்கத்தில் வைத்து உருக்கிவிட்டுத்தான் எழுதவே தொடங்குவார்களாம்.

அங்கே நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் கிளாடிஸ் ஸ்ட்ரம். இந்தப் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த ஊர்க்காரர்களிலும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 1906 பிப்ரவரியில் மானிட்டோபா மாகாணத்தின் கிளாட்ஸ்டன் பகுதியில் பிறந்தவர். பிரேரி என்கிற புல்வெளிச் சமவெளியின் பிள்ளை. இளம் வயதிலேயே பள்ளி ஆசிரியை ஆனார், ஒரு விவசாயியைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த சாஸ்கட்சுவான் மாகாணத்தில் குடியேறினார், பிறகு அரசியலுக்கு வந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘ஆசிரியை’ என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நேரே நாடாளுமன்றத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் சண்டை.

அந்தக் காலத்து பிரேரிப் பள்ளிக்கூட வேலை என்னவென்று பாருங்கள். எட்டு வகுப்பும் ஒரே அறையில். சின்னது அ-ஆ எழுதும்போது (இங்கே ஏ-பி-சி என்று வைத்துக்கொள்ளுங்கள்) பெரியது பின்னம் போட்டுக்கொண்டிருக்கும். விடியும் முன்னே போய்க் கணப்பு மூட்டுவதும் பல இடங்களில் டீச்சர்தான். தங்குவது ஏதாவது ஒரு விவசாயி வீட்டு அறையில். வேலைக்கு வைப்பதும் அனுப்புவதும் ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்த அறங்காவலர்கள், அதாவது பிள்ளைகளின் அப்பாக்கள். கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சிக்கு ஊரே திரண்டு வரும், டீச்சர் எப்படி என்ற தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிடும். 1930-களில் மழை பொய்த்து, கோதுமை விலையும் விழுந்தபோது பல ஊர்களில் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன்சீட்டுதான் கொடுத்தார்கள். யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யார் வீட்டில் சமைக்கவே இல்லை என்று ஊரில் ஒருவருக்குத் தெரியுமென்றால் அது டீச்சருக்குத்தான். இதைவிடப் பெரிய அரசியல் பயிற்சி எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

1944 மாகாணத் தேர்தலில் டாமி டக்ளஸ் தலைமையில் சி.சி.எஃப். என்ற இடதுசாரிக் கட்சி 47 இடங்களை அள்ளியது. அதே கட்சிக்காரரான கிளாடிஸ் தோற்றார். யாரிடம் தெரியுமா? பதவியிலிருந்த முதல்வர் பாட்டர்சனிடம். எத்தனை ஓட்டில்? ஆறு! ஒரு பண்ணை வீட்டுக் குடும்பம் மாற்றிப் போட்டிருந்தால் கதை வேறு.

சரி, அதோடு அடங்கினாரா என்றால், இல்லை. அடுத்த வருஷமே கூட்டாட்சித் தேர்தலில் கூ’அப்பெல் தொகுதியில் நின்றார். எதிரே ஜெனரல் மெக்நாட்டன். போரில் கனடிய ராணுவத்தை நடத்தியவர், அப்போது பாதுகாப்பு அமைச்சர். வேடிக்கை என்னவென்றால், அவரும் வெளியூர்க்காரர் இல்லை, அதே வட்டாரத்து மூசோமின் என்ற ஊரில் பிறந்தவர்தான். சொந்த மண்ணில் ஜெனரலை டீச்சர் தோற்கடித்தார். 245 பேர் கொண்ட அவையில் அந்தத் தேர்தலில் வென்ற ஒரே பெண் அவர். கனடிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பெண்களில் ஐந்தாவது. அவருக்கு முன்னே போன ஆக்னஸ் மெக்பேல், டோரிஸ் நீல்சன் இருவருமே பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போர் முடிந்து, தொழிற்சாலையில் இருந்த பெண்களை ‘வீட்டுக்குப் போங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. பெண்கள் வேலை செய்வதை யாரும் எப்போதும் எதிர்த்ததே இல்லை, அந்த வேலைக்குக் கூலி கொடுப்பதைத்தான் எதிர்க்கிறார்கள் என்று அவையில் சொன்னார். சம்பளத்துக்குக் கடன்சீட்டு நீட்டிய ஊர்களைப் பார்த்தவருக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு?

1949-இல் தோற்றார். ஆசிரியர் வேலைக்கே திரும்பினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். எம்.பி.யாக இருந்தவர் மறுபடி சாக்பீஸைக் கையில் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கடைசி பெஞ்சுப் பையனுக்கு நம் பழைய பதவியெல்லாம் ஒரு பொருட்டா என்ன?

1960-இல், 54 வயதில், சாஸ்கட்டூனிலிருந்து மாகாணச் சட்டமன்றத்துக்குப் போனார். அந்த அவைதான் எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 1962 ஜூலை 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்த அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள். பிரிட்டனிலிருந்தெல்லாம் மருத்துவர்களை வரவழைத்துச் சமாளித்தார்கள். அப்போது முதல்வராக இருந்த உட்ரோ லாயிட், அவரும் இந்தச் சமவெளியில் பிறந்த பழைய வாத்தியார். இன்றைக்கு என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் அட்டையை நீட்டிவிட்டு உட்கார்கிறேன், பர்ஸைத் தேடுவதில்லை. அந்த அட்டையில் யார் படமும் இல்லை.

பிள்ளைகளிடம் இவரைப் பற்றிச் சொன்னால் முதல் கேள்வி, “எவ்வளவு நாள் இருந்தாங்க?” 99 வயது. அவர் பிறந்தபோது சாஸ்கட்சுவான் மாகாணத்துக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 2005 ஆகஸ்டில், பிரிட்டிஷ் கொலம்பியாவில், கண் மூடினார். மாகாணத்தின் நூற்றாண்டுக்கு இரண்டு வாரம் சொச்சம் இருந்தது.