ரூபாயில் கூடிய விற்பனை வளர்ச்சியாகாது
2022இல் நாடே நொடிந்து கிடந்தபோதும் பன்னாட்டு நிறுவனங்களின் இலங்கைக் கிளைகள் விற்பனையைக் கூட்டிக் கொழுத்தன என்றும், மலையகத் தோட்டங்களும் அவற்றின் கையில்தான் இருக்கின்றன என்றும் இங்கே எழுதப்பட்டிருப்பது வாசிப்பவர்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாயானது. 100 ரூபாய்க்கு விற்ற நிறுவனம் 150 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொண்டால், ரூபாய்க் கணக்கில் அது ஐம்பது சதவீத உயர்வு. ஆனால் டொலரில் கணக்கு வைக்கும் தாய் நிறுவனத்தின் ஏட்டில் 50 அமெரிக்கச் சதம் 42 சதமாகக் குறைந்திருக்கும். பணவீக்கம் செப்டெம்பரில் எழுபது சதவீதத்தை எட்டியதால், அந்த ஐம்பது சதவீதமும் பெரும்பாலும் விலையேற்றமே தவிர, கூடுதலாகச் சரக்கு விற்றதன் பயனன்று. எங்கள் ஹட்டன் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கடைகளில் முழுச் சவர்க்காரம் வாங்கியவர்கள் பாதிக் கட்டி கேட்ட காலம் அது. டொலர் தட்டுப்பாட்டால் மூலப்பொருளை இறக்குமதி செய்ய நாணயக் கடிதம் (பணம் செலுத்தப்படும் என வங்கி தரும் உறுதி) திறப்பதே பெரும்பாடாக இருந்ததையும் மறக்கக் கூடாது.

தோட்டங்களைப் பொறுத்தவரை, பிரித்தானியக் கம்பனிகளின் காணிகள் 1975இலேயே அரசுடைமையாயின. அத்தோட்டங்களை நிர்வகிக்க 1992இல் உருவான பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளில் பல இன்று உள்நாட்டுக் குழுமங்களின் வசம் உள்ளன; எடுத்துக்காட்டாக, தலவாக்கலை கம்பனி உள்நாட்டு ஹேலிஸ் குழுமத்தைச் சேர்ந்தது. தோட்டத் தொழிலாளர் சம்பள உயர்வை யாரிடம் கேட்பது என்பதே இதில் தங்கியிருப்பதால், பன்னாட்டு நிறுவனங்களுக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.