போர்டு வாங்கும் முன் இதைக் கேளுங்கள்

"மாமா, இதில் இரண்டு கோர் (செயலி), வைஃபை, புளூடூத் எல்லாம் இருக்கிறது. விலையும் குறைவு. வாங்கலாமா?" என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்காள் மகன் சென்ற வாரம் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் (சென்சார், விளக்கு போன்றவற்றை இயக்கும் சின்னக் கணினிப் பலகை) படத்தை அனுப்பியிருந்தான். "அதற்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன். அதை அவன் யோசித்திருக்கவில்லை. இப்படிப் போர்டு வாங்குகிற பலரும் யோசிப்பதில்லை. வேகம், நினைவகம், அளவு எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து எங்கள் ஊர்க் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. அப்போது வாங்கிய ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி இன்றும் வீட்டின் பின்புறம் நிற்கிறது. அம்மா தினமும் காலையில் அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். ஓசை மாறும் இடத்தில் தண்ணீர். மழையிலும் அவர் இப்படி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தொட்டி மூடியில், ஒலியலையால் நீர்மட்டத்தை அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரைப் பொருத்தினேன்.

அதை இயக்க முதலில் வைத்தது எல்லோரும் வாங்கும் இஎஸ்பி32 டெவலப்மென்ட் போர்டு (இஎஸ்பி32 என்பது வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப்). அரை மணிக்கு ஒருமுறை விழித்து, அளந்து, வைஃபையில் அனுப்பிவிட்டு உறங்க வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தில் அந்தச் சிப்புக்கு ஏறத்தாழ 10 மைக்ரோ ஆம்பியர் போதும் என்கிறது தரவுத்தாள். ஆனால் 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. உறங்கும்போது சென்சாருக்கான மின்சாரத்தை ஒரு மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச்) வெட்டிவிடுகிறது, ஆகவே குற்றவாளி சென்சார் அல்ல. பேட்டரிக் கம்பியின் நடுவே மல்டிமீட்டரை இணைத்தேன். 9 மில்லி ஆம்பியர், அதாவது 9,000 மைக்ரோ ஆம்பியர்! சிப் உறங்கியது, போர்டு உறங்கவில்லை. ஓயாமல் எரியும் சிவப்பு விளக்கு, யுஎஸ்பிக்கான தனிச் சிப், மின்னழுத்தச் சீராக்கி மூன்றும் சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கில் பதினொரு நாளைக்கு மேல் அந்தப் பேட்டரி எப்படித் தாங்கும்?

இன்னொன்று நம் ஊர்ப் பிரச்சினை. லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்தால் ரவுட்டரும் அணைந்துவிடும். விழித்த போர்டு இல்லாத வைஃபையைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடும் வேளையில் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் போகும். இரண்டு மணி நேரம் அப்படித் தேடினால் பேட்டரி என்னவாகும்? பத்து விநாடியில் ரவுட்டர் கிடைக்காவிட்டால் உறங்கப் போ என்று நிரலில் எழுதிவிடுங்கள்.

இப்போது தொட்டியில் இருப்பது இஎஸ்பி32-சி3 சிப் கொண்ட ஷியாவ் போர்டு. 21 மில்லிமீட்டர் நீளம், அகலம் அதைவிடக் குறைவு. ஒரே கோர், சென்சார் போன்றவற்றை இணைக்கப் பதினோரு பின்கள்தான். ஆனால் பேட்டரிக் கம்பிகளை அடிப்பக்கத்தில் நேராகச் சால்டர் செய்யலாம், சார்ஜ் செய்யும் சிப்பும் அதிலேயே இருக்கிறது. உறக்கத்தில் சில பத்து மைக்ரோ ஆம்பியரோடு நின்றுகொள்கிறது. கூட வரும் ஆன்டெனாவை மட்டும் மறக்காமல் மாட்டுங்கள்.

சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலை என்றால் இந்தக் கவலை எதுவும் வேண்டாம், ராஸ்பெர்ரி பை பிகோ போர்டே தாராளமாகப் போதும்.

மருமகன் மறுநாள்தான் விஷயத்தைச் சொன்னான். தைப்பூசக் காவடியில் முப்பது வண்ண விளக்குகள் வைக்க வேண்டுமாம், மின்சாரம் பவர் பேங்கிலிருந்து. அந்த விளக்கு ஒவ்வொன்றும் முழு வெளிச்சத்தில் 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும், முப்பதுக்கும் 1.8 ஆம்பியர். அதன் முன் போர்டு எடுப்பது ஒரு பொருட்டே இல்லை. அதோடு அவை போர்டின் சமிக்ஞைப்படி நிறம் மாறும் 5 வோல்ட் விளக்குகள், இஎஸ்பி32 போன்ற போர்டுகள் அனுப்பும் 3.3 வோல்ட் சமிக்ஞையைச் சில சமயம் சரியாகப் புரிந்துகொள்ளாது. ஆகவே 5 வோல்ட்டில் ஓடும் பழைய ஆர்டுயினோ நானோவையே வாங்கச் சொன்னேன். வைஃபை இல்லையே என்று வருத்தப்பட்டான். காவடி தூக்குகிறவனுக்கு வைஃபை எதற்கு? வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்து, சனிக்கிழமை மல்டிமீட்டரோடு வீட்டுக்கு வா என்று சொல்லியிருக்கிறேன்.